நெஃப்தாவின் மூன்றாம் எண் ஆண்

தோஸர்,
ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

நெஃப்தா ஊருக்கு நிழலும், எங்கள் குடும்பத்துக்குப் பெருமையும், என் மகளுக்கு மாமனாருமாகிய மதிப்பிற்குரிய சம்பந்தி ஹாஜ் புபக்கர் அவர்களுக்கு, தோஸரிலிருந்து ஜிலானி மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் மனைவி மப்ரூகாவும் நலம். நூற்று இருபத்துமூன்று பேரீச்சைகளும் நலம். ஆடு இரண்டு குட்டி போட்டது, அவையும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், உங்கள் துணைவியார் ஹாஜா ஷெரீஃபா அவர்களின் முழங்கால் நலத்தையும், உங்கள் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் முறை தவறாமல் வருகிறதா என்பதையும் அறிய ஆவல்.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். திங்கட்கிழமையிலிருந்து பதினான்கு முறை அழைத்துவிட்டேன். பதினைந்தாவது முறை ஹாஜா ஷெரீஃபா எடுத்து, "ஹாஜியார் தொழுகையில இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். காலை பத்தரை மணிக்கு என்ன தொழுகை என்று கேட்கிற ஆள் நான் இல்லை. முற்பகலில் விருப்பமுள்ளவர்கள் தொழுகிற ளுஹாவாக இருக்கும் என்று நம்பிக்கொண்டேன். சாயங்காலம் நான்கு முறை அழைத்தபோதும் அதே ளுஹா முடியாமல் இருந்ததால்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள். கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் மகன் அனீஸைப் பற்றி, அவன் ஆண்மையைப் பற்றி, நான் தோஸர் முழுக்கச் சொல்லித் திரிந்ததாக உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. சம்பந்தி அவர்களே, அது அபாண்டம். நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அந்த ஒருவர் மப்ரூகா. மப்ரூகாவும் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள், தன் தங்கையிடம். தங்கை முடிதிருத்தும் கடை வைத்திருப்பவனின் மனைவி என்பது நாங்கள் யாரும் அந்த நேரத்தில் யோசிக்காத விஷயம்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் மகள் வஸீலாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மருமகள்தானே. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குச் சொல்லப் பிடிக்கும். தலைநகர் தூனிஸில் பேரீச்சை ஆய்வு நிலையத்தில் என்சைம் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. என்சைம் என்றால் நொதி. நொதி என்றால் என்ன என்று நானும் முதலில் கேட்டேன். அவள் சமையலறையில் நின்றுகொண்டே சொன்னாள்: "வாப்பா, அது ஒரு கத்திரிக்கோல் மாதிரி. பெரிய சர்க்கரையைச் சின்னச் சின்னதா வெட்டும். வெட்டினாத்தான் பழம் கனியும், இளகும். உங்க காய்ஞ்ச பழம் ஏன் கல்லு மாதிரி இருக்கு? அதுல கத்திரி பத்தல." இவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஊரில் பாதிப் பழம் கல்லாகக் காய்ந்து கழுதைக்கும் ஆட்டுக்கும் போகிறதல்லவா? அந்தக் கல்லை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில், ஈஸ்டிலிருந்து எடுத்த நொதியைக் கலந்து இரண்டு நாள் வைத்து, வாயில் போட்டால் கரைகிற பழமாக ஆக்கிவிட்டாள். கழுதைத் தீனியை விருந்தாளித் தீனி ஆக்கியவள் என் மகள். இதை நான் காபிக் கடையில் எத்தனை முறை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர் கணக்கு வைத்திருக்கிறாராம். நான் வாயைத் திறந்தாலே "நொதி வந்துருச்சு, நொதி வந்துருச்சு" என்று எழுந்து போகிறார்கள். பொறாமை.

இப்படிப்பட்ட பெண்ணுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் போன வருஷம் உங்கள் மூத்த பேத்தியின் கல்யாணத்தில், மருதாணி இடும் இடத்தில், நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்க, ஹாஜா ஷெரீஃபா அவர்கள், "பகலெல்லாம் மருந்துக் குப்பியோட புழங்குற பொண்ணு. வயித்துல என்ன தங்கும்?" என்று சொன்னார்களாம். மப்ரூகா பக்கத்தில்தான் இருந்தாள். வஸீலாவும் இருந்தாள். வஸீலா ஒன்றும் சொல்லாமல் கையில் மருதாணியைக் காயவிட்டுக்கொண்டிருந்தாளாம். மப்ரூகா அன்று வீட்டுக்கு வந்து மூன்று நாள் ரொட்டி சுடவில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, சம்பந்தி. பின்னால் நடந்ததற்கு இது காரணம் என்பதற்காகச் சொல்கிறேன். என் மகளுக்குக் குறை என்று ஊர் பேசுகிறது, என் மனதில் ஒரு முள் இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் கடைசியில் வஸீலாவும் அனீஸும் வந்தார்கள். பாளை வெடிக்கிற காலம். ஆண் மரத்துப் பூவை வெட்டிப் பெண் மரத்துப் பாளைக்குள் செருகிக் கட்டுகிற வேலையில் நான் இருந்தேன். அறுபத்திரண்டு வயதில் இன்னும் நான்தான் ஏறுகிறேன், இடுப்பில் கயிறுகூட இல்லாமல். இதையும் நீங்கள் அறிவீர்கள். வஸீலா தன் ஆய்வுக்காக இங்கேயும் நெஃப்தாவிலும் ஆண் மரங்களின் பூந்தூளைச் சின்னச் சின்னக் குப்பிகளில் எடுத்துப் போனது ஜனவரியிலிருந்தே நடந்தது. போன வருஷத்துத் தூளும் சேர்த்துத்தான் சோதித்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் சுருக்கம்.

வந்த இரண்டாம் நாள் அவள் தன் பையை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அதிலிருந்து ஒரு சீட்டு கீழே விழுந்தது. எடுத்து வைக்கலாமென்று எடுத்தேன். தூனிஸில் குழந்தைப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போகிற தேதி எழுதிய அட்டை. வஸீலா பெயரும் அனீஸ் பெயரும் இருந்தன. அதோடு சேர்ந்து மடித்த ஒரு தாள். தலைப்பு இல்லை, இரண்டாம் பக்கம். பிரெஞ்சில் இருந்தது. நான் ஆறாம் வகுப்பு வரை பிரெஞ்சு படித்தவன், ஆசிரியர் என்னைப் பாராட்டியிருக்கிறார், அதனால் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை இதோ அப்படியே எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள், என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று:

"ஆண், எண் 3. பூர்வீகம்: நெஃப்தா. வயது: 33. வெளித்தோற்றம்: திடம், நோயின் அறிகுறி இல்லை. உயிர்த்திறன்: பதினொரு விழுக்காடு. நொதிச் செயல்பாடு: மிகக் குறைவு. வளமாக்கும் திறன்: ஏறத்தாழ இல்லை. பரிந்துரை: இந்த ஆணை இனிப் பயன்படுத்த வேண்டாம். அருகிலுள்ள இளைய ஆண் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது."

அனீஸுக்கு வயது முப்பத்துமூன்று. பூர்வீகம் நெஃப்தா. வெளித்தோற்றம் திடம். மப்ரூகாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி இது:

"எண் மூணா? அப்போ ஒண்ணும் ரெண்டும் யாருங்க?"

"அடியே, அனீஸ் அவங்க வீட்டுல மூணாவது பையன். அதைச் சொல்லுது."

"கடைசியில என்னமோ சொன்னீங்களே, அதைத் திரும்பப் படிங்க."

"அருகிலுள்ள இளைய ஆண் ஒன்றை…"

"நிறுத்துங்க! இவன் என்ன டாக்டரு? முஸ்லிமா இல்லையா? கட்டின புருஷன் இருக்கும்போது பக்கத்து வீட்டு ஆளைத் தேடச் சொல்றானே! அமைச்சருக்கு எழுதுங்க, இன்னிக்கே எழுதுங்க!"

அமைச்சருக்கு எழுத உட்கார்ந்தும்விட்டேன். பெயர் தெரியாததால் நிறுத்தினேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், சம்பந்தி, இதை எழுதக் கை கூசுகிறது: அந்தப் பயத்துக்கு அடியில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. குறை என் மகளிடம் இல்லை. அச்சடித்த தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. அன்று சாயங்காலம் நான் தெருவில் நடந்தபோது நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது என்று பின்னால் பலர் சொன்னார்கள். மப்ரூகா தன் தங்கை வீட்டுக்குப் போனதும் அன்றுதான். மறுநாள் நான் முகம் மழிக்கப் போனபோது கடைக்காரன் என் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டே, "மருமவனுக்கு பதினொன்னுதானாமே, பாவம்" என்றான். இரண்டு நாளில் அது உங்கள் ஊருக்குப் போய்விட்டது. போகும் வழியில் பதினொன்று ஒன்றாகிவிட்டதாகவும் கேள்வி.

ஆனால் நான் ஊரில் பெருமையடித்துக்கொண்டு சும்மா இருந்த ஆள் இல்லை. என் மருமகன், என் கையால் சோறு தின்கிறவன், அவனை அப்படியே விட்டுவிடுவேனா? எங்கள் அரபியில் மரத்துக்குப் பூந்தூள் சேர்ப்பதற்கும் தல்கீஹ், டாக்டர்கள் கருவூட்டுவதற்கும் தல்கீஹ், குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதற்கும் தல்கீஹ், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தானே. முதல் வேலையில் நாற்பது வருஷம் பழுத்தவன் நான். என் கைபட்டுக் காய்க்காத மரம் இந்த ஊரில் இல்லை. ஒரு மனிதனுக்குக் கைவைத்தியம் செய்ய எனக்கா தெரியாது? பேரீச்சைப் பூந்தூளைத் தேனில் குழைத்துத் தின்றால் ஆணுக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். நான் தேனோடு நிறுத்தவில்லை. வறுத்த மாவில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் பிசைகிற பிஸீஸா அவனுக்கு உயிர். அதில் என் தோட்டத்திலேயே முதல் தரமான ஆண் மரத்தின் தூளை, தாராளமாக, மூன்று பெண் மரங்களுக்குப் போதுமான அளவு கலந்து, காலையில் அவன் முன் வைத்தேன்.

"மாமா, இன்னிக்கு என்ன பிஸீஸா இவ்ளோ மஞ்சளா இருக்கு?"

"மஞ்சள் நல்லதுதானே. சாப்பிடு, சாப்பிடு. இளைச்சுப் போயிருக்கே."

"தூனிஸ்ல எல்லாரும் நான் பெருத்துட்டேன்னு சொல்றாங்களே மாமா."

"தூனிஸ்காரங்களுக்கு என்ன தெரியும்? உள்ளே இளைச்சிருக்கே, உள்ளே."

பாவம், மறுப்பு சொல்லாமல் தின்றான். அனீஸ் அப்படிப்பட்ட பிள்ளை, உங்கள் வளர்ப்பு. அதோடு விட்டிருக்கலாம். சுவாசத்திலும் கொஞ்சம் போகட்டும் என்று, ஆண் பாளை வெட்டி வைத்திருந்த கொட்டகைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய், "இந்தப் பாளையையெல்லாம் கொஞ்சம் உதறிக் குடுப்பா, எனக்குத் தோள் வலி" என்றேன். எனக்குத் தோள் வலியே கிடையாது. அவன் உதறினான். கொட்டகை முழுக்க மஞ்சள் புகை. பத்து நிமிஷம் கழித்து அவன் வெளியே வந்தபோது நான் வேறு யாரோ என்று நினைத்து "யாருப்பா நீ" என்று கேட்டுவிட்டேன். உதடு இரண்டு பழம் அளவுக்கு, கண் இருந்த இடம் தெரியவில்லை, கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு, மூச்சு விசில் மாதிரி வந்தது. "மாமா" என்று சொல்ல வந்தது "பாபா" என்று வந்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பூந்தூள் ஒவ்வாதாமே! அதனால்தான் தோட்டத்துப் பிள்ளை சாலைப் பொறியாளனாகப் போனானாமே! இதைக் கல்யாணம் பேசும்போதே நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சம்பந்தி. நான் குறையாகச் சொல்லவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரரின் வண்டியில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே அவனைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நான் ஓதினேன். வஸீலா அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஊசி போட்டார்கள், மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். கால் மணி நேரத்தில் விசில் அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ். பிறகு டாக்டர் சல்வா என்கிற அம்மா, கெட்டிக்காரி, திரைக்கு வெளியே வந்து எங்களிடம் கேட்டார்:

"இவர் காலையில என்ன சாப்பிட்டாரு?"

"பிஸீஸா" என்றேன்.

"பிஸீஸாவுக்கு இப்படி ஆகாதே. வேற என்ன?"

"கொஞ்சம் பூந்தூள்."

"கொஞ்சம்னா?"

"மூணு மரத்துக்குக் காணும்."

வஸீலா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு வாப்பா?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். "எல்லாம் எனக்குத் தெரியும்மா. நீ மறைக்க வேண்டாம். குறை உன்கிட்ட இல்லைன்னு வாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா மருமவனைக் கைவிட மனசு வரலை. அந்த டாக்டர் சொன்ன இளைய ஆள் சமாச்சாரம் மட்டும் நம்ம குடும்பத்துக்கு வேணாம்" என்றேன்.

வஸீலா தாளை வாங்கினாள். வாசித்தாள். டாக்டர் சல்வாவும் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா கையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார், தோள் மட்டும் குலுங்கியது. வஸீலா சிரிக்கவில்லை.

"வாப்பா, இது பேரீச்ச மரம்."

"எது?"

"ஆண், எண் மூணு. நெஃப்தாவுல இருக்குற மரம். நான் எழுதுன அறிக்கை. உயிர்த்திறன்னா பூந்தூளோட உயிர்த்திறன். இது மரம் வாப்பா, மரம்!"

சம்பந்தி அவர்களே, நாற்பது வருஷத்தில் நான் மரத்திலிருந்து விழுந்ததே இல்லை. அன்று ஆஸ்பத்திரி நடையில் தரையில் நின்றுகொண்டே விழுந்தேன். நிஜமாகவே உட்கார்ந்துவிட்டேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. அனீஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"மாமா, உள்ளே வாங்க" என்றான்.

போனேன். தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். ஒரு கண் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் என் கையைப் பிடித்து, வீங்கிய உதட்டால் மெதுவாகச் சொன்னான்:

"மாமா, ரெண்டு பேரும் ரெண்டு வருஷம் முன்னாடியே பரிசோதனை பண்ணிட்டோம். யாருக்கு என்னங்குறது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்ச அன்னிக்கே ஒண்ணு பேசி வெச்சோம். அதை யார்கிட்டயும் சொல்றதில்ல. எங்கம்மா கேட்டாலும் இல்ல, நீங்க கேட்டாலும் இல்ல. ஊர் யாரைச் சொல்லுதோ சொல்லட்டும். எங்களுக்குள்ள 'உன்னால', 'என்னால'ன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. வந்ததும் இல்ல."

"அப்போ கல்யாண வீட்டுல உங்கம்மா சொன்னப்போ…" என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு விஷயம் காதுக்கு வந்ததும், எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்னுதான் எழுந்தேன். அவதான் மருதாணிக் கையோட வந்து, வேணாம்னு தலையாட்டினா. மருதாணி என் சட்டையில ஒட்டிக்கிச்சு. இன்னும் போகல அந்தக் கறை."

நான் வஸீலாவைப் பார்த்தேன். அவள் சன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய குறை என்று நான் கேட்கவில்லை, சம்பந்தி. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அனீஸுக்காக அவள் வாய்மூடி இருந்தாளா, அவளுக்காக அனீஸ் இருந்தானா, எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இந்தக் கடிதத்தில் இருக்காது. ஆனால் ஒன்று சொல்கிறேன். கழுதைத் தீனியைக் கனிய வைத்ததற்காக இந்தப் பெண்ணைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். நாற்பது பெண்கள் நடுவே ஒரு வார்த்தையில் யாரையாவது கீழே தள்ளிவிடலாம் என்ற நிலையில் அதைச் சொல்லாமல் மருதாணியைக் காயவிட்டுக்கொண்டிருந்தாளே, அதைப் பற்றி எனக்குப் பீற்றத் தெரியவில்லை. அதற்கு எனக்குச் சொல் இல்லை. உங்கள் மகனும் அப்படித்தான். நம் இரண்டு குடும்பத்திலும் இப்படி இரண்டு பேர் எப்படி வந்து வாய்த்தார்கள் என்று, குறிப்பாக நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்க்கும்போது, எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஆகவே முதல் செய்தி: உங்கள் மகனைப் பற்றி ஊரில் உலவுவதெல்லாம் பொய், அந்தப் பொய்க்கு மூலம் நான். இன்று ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்று, "அது மரம்! அனீஸ் இல்லை, மரம்!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன். பலர் நம்பினார்கள். முடிதிருத்துகிறவன் மட்டும், "எந்த மரம்?" என்று கேட்டான்.

அதுதான் இரண்டாவது செய்தி. இதை எழுத எனக்கு முதல் செய்தியைவிடக் கடினமாக இருக்கிறது. எந்த மரம் என்று நானும் ஆஸ்பத்திரியிலேயே வஸீலாவிடம் கேட்டிருந்தேன். சம்பந்தி, அது உங்கள் மரம். கிணற்றடியில் நிற்கிற, நீங்கள் உங்கள் கையால் நட்ட, நெஃப்தாவில் பாதித் தோட்டங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் நீங்கள் காசு வாங்காமல் பாளை கொடுக்கிற அந்தப் பெரிய ஆண் மரம். நூற்றுக்குப் பதினொரு தூள்தான் உயிரோடு இருக்கிறதாம். இரண்டு வருஷமாக உங்கள் பக்கத்தில் கொட்டையில்லாமல், சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சூம்பிய காய்கள் வந்தனவே, வெயில் என்றீர்கள், தண்ணீர் உப்பு என்றீர்கள், கண்ணேறு என்று ஹாஜா அவர்கள் வாசலில் மீன்வால் கட்டினார்கள். அது எதுவும் இல்லை. சூல் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மரம் பார்க்கத் திடமாகத்தான் இருக்கிறது. உள்ளே சரக்கு இல்லை. வஸீலா இதை ஒரு மாதமாகச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தாள். "மாமா அந்த மரத்தைப் புள்ளை மாதிரி பாத்துக்குறாரு வாப்பா. நான் எப்படிச் சொல்றது?" என்றாள். ஆனால் இந்த வருஷமும் உங்கள் பாளையை நம்பி நாற்பது குடும்பம் காத்திருக்கிறது. ஆகவே பழியை நான் ஏற்று, பச்சையாகச் சொல்கிறேன்: அந்த மரத்தின் பாளையை யாருக்கும் கொடுக்காதீர்கள். என்னிடம் நான்கு நல்ல ஆண்கள் இருக்கின்றன. வஸீலாவின் சோதனையில் தொண்ணூற்றிரண்டு விழுக்காடு. நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, தாளில் அப்படித்தான் இருக்கிறது. வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பன் நண்பனுக்குச் சொல்கிற உண்மை இது. உங்களிடம் இனி ஒளிவுமறைவு வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அனீஸ் இப்போது நலம். வீக்கம் வடிந்து பழைய முகம் வந்துவிட்டது. நேற்றுக் காலை இருவரும், தூனிஸ் திரும்புமுன் உங்களைப் பார்க்கிறோம் என்று நெஃப்தாவுக்குக் கிளம்பிப் போனார்கள். மருத்துவரைப் பார்க்கும் தேதி அடுத்த மாதம். நாம் ஆளுக்கு ஒரு துஆ செய்வோம், ஆளுக்கு ஒரு மருந்து கொடுக்காமல் இருப்போம்.

உங்கள் ஆயுளுக்கும், ஹாஜா ஷெரீஃபா அவர்களின் முழங்காலுக்கும், உங்கள் வாய்க்காலுக்கும், நம் பிள்ளைகளின் மடி நிறையவும் எல்லாம் வல்லவன் அருள்வானாக. மப்ரூகா ஸலாம் சொல்லச் சொன்னாள். தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டதாகவும் சொல்லச் சொன்னாள்.

உங்கள் மன்னிப்பை எதிர்பார்த்து,
என்றும் உங்கள் சம்பந்தி,
ஜிலானி.

பின்குறிப்பு: சனிக்கிழமை. உறையை ஒட்டப் போகும்போது உங்கள் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. அனீஸும் வஸீலாவும் உங்களோடு இறங்கினார்கள். அனீஸ் உங்களிடம் என்ன பேசினானோ, நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்து, "விடுய்யா, ஊர்ப் பேச்சு" என்று சொல்லிவிட்டீர்கள். ஆக, மேலே எழுதியதில் முதல் பாதி இனித் தேவையில்லை. பிறகு வண்டியிலிருந்து ஒரு கூடை ஆண் பாளையை இறக்கி, "என் கிணத்தடி மரத்துப் பாளை. நாற்பது வீட்டுக்கும் குடுத்துட்டு, உனக்குன்னு இதை எடுத்து வெச்சேன். மோந்து பாரு!" என்று என் கையில் கொடுத்தீர்கள். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அல்லாஹ் சாட்சி. அப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் வஸீலா உதட்டில் விரலை வைத்தாள். பக்கத்தில் அனீஸ் மூக்கில் முகமூடி போட்டுக்கொண்டு தும்மினான். கூடையைப் பார்த்தேன். பாளையைச் சுற்றியிருந்த ஓலை முடிச்சு, நான் போடுகிற முடிச்சு. வியாழக்கிழமை என் கொட்டகையில் நான்கு ஆண் மரத்துப் பாளையும் காணாமல் போய், பக்கத்துத் தோட்டக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரவோடு இரவாக உங்கள் கிடங்கில் இருந்த பாளையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்னுடையதை இந்த இரண்டு பேரும் வைத்துவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே, சம்பந்தி அவர்களே, இரண்டாம் பாதியும் தேவையில்லை. இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. என் மரத்தின் பூவை மூக்கருகே வைத்து, "மாஷா அல்லாஹ், ஹாஜ் புபக்கர் மரம்னா சும்மாவா!" என்று சொன்னேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க நானே ஒரு மரத்தில் ஏறிக் கட்டியும் காட்டினேன். நீங்கள் கீழே நின்று, "நல்லா இறுக்கிக் கட்டு, விலைமதிக்க முடியாத சரக்கு" என்றீர்கள். இன்ஷா அல்லாஹ், வருகிற அக்டோபரில் நெஃப்தா முழுக்கக் குலை குலையாகக் காய்க்கும். எல்லோரும் உங்கள் கிணற்றடி மரத்தைப் புகழ்வார்கள். நானும் வந்து புகழ்வேன். மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே புகழ்வேன். முகத்துதி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், மனதாரச் சொல்வேன்.